வண்டியின் வலப்பக்கம்

ஐம்பத்தைந்து வயதில் ஒரு பங்குத்தந்தை ரிமோட் கார் ஓட்டுகிறார் என்றால் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சனிக்கிழமை மாலைகளில், மயிலாப்பூரில் எங்கள் பங்குப் பள்ளியின் மைதானத்தில் நான் இளைஞரோடு பந்தயம் விடுவதைப் பலர் கண்டிருக்கின்றனர். இது என் தவறு ஒன்றில் தொடங்கிய விளையாட்டு, ஆதலால் சொல்லிவிடுகிறேன்.

ஈராண்டுகளுக்கு முன் தவக்காலத்தில் ஒரு தாய் வந்தார். “ஃபாதர், பையன் பத்தாவது படிக்கிறான், எந்நேரமும் அந்தக் காரும் கையுமாகவே இருக்கிறான்” என்று கண்கலங்கினார். பையனை அழைத்து ஒரு வார்த்தை கேட்காமலே, “பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்” என்றேன். அவரும் பூட்டினார். அடுத்த ஞாயிறு முதல் பீடச் சிறுவர் வரிசையில் அவன் இல்லை.

தேர்வு முடிந்தும் அவன் வரவில்லை. நானே அவன் வீட்டிற்குச் சென்றேன். என்ன பேசுவதென்று தெரியாமல், “அந்தக் காரை எனக்குக் காட்டுவாயா?” என்றேன்.

அசல் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. ரிட்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கித் தானே பற்றவைத்திருந்தான். 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்கையில் அருகிலேயே இருக்க வேண்டும், தவறினால் தீப்பிடிக்கும் என்று ஆசிரியரைப்போல் எச்சரித்தான். முன்பு ஒரே அலைவரிசையில் இரு வண்டிகள் ஓடினால் ஒருவர் திருப்ப மற்றவர் வண்டியும் திரும்புமாம், இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவியில் ஒவ்வொரு வண்டியும் தன் கருவிக்கே கீழ்ப்படியும். கேட்கக் கேட்க, 1980களில் தந்தையின் கைபிடித்துச் சோழவரம் ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் பார்த்த சிறுவன் எனக்குள் விழித்துக்கொண்டான்.

மைதானத்தில் கருவியை என்னிடம் தந்தான். வண்டி என்னைவிட்டு விலகிச் சென்றவரை எளிதாக இருந்தது. திரும்பி என்னை நோக்கி வந்ததும் எல்லாம் குழம்பிற்று. நான் வலப்பக்கம் திருப்ப, அது என் இடப்பக்கம் பாய்ந்து சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

“உங்க வலது இல்லை ஃபாதர், வண்டியோட வலது. அதுக்குள்ள நீங்க உட்கார்ந்திருக்கிறதா நினைச்சு ஓட்டுங்க” என்றான்.

இறைமகன் நம் நிலையில் வந்து நின்றார் என்று முப்பது கிறிஸ்து பிறப்பு விழாக்களில் மறையுரை ஆற்றியவன் நான். ஒரு சிறுவனின் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்க்காமல் பூட்டச் சொன்னவனும் நானே. அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

விளையாட்டும் மனத்திற்குத் தேவையான ஓய்வே என்று புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விளக்குகிறார். ஓயாமல் வளைத்த வில் முறிந்துவிடும் என்னும் பழைய உவமையையும் அங்கே தருகிறார். குருமடத்தில் அதைத் தேர்வுக்காகப் படித்தேன். இப்போது வாழ்வுக்காகப் படிக்கிறேன்.

ஓட்டி முடித்தவர் அடுத்த சுற்றில் வளைவில் நின்று, பிறருடைய கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்திவிட வேண்டும் என்பது இப்பந்தயங்களில் உள்ள வழக்கம். தோற்றவர் வென்றவர் எல்லோருக்கும் அந்தப் பணி உண்டு.

அந்தப் பையன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பீடத்திற்கு அவன் திரும்பவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை மட்டும் தவறுவதில்லை. சென்ற வாரம் மூன்றாம் வளைவில் என் வண்டி கவிழ்ந்தது. ஓடி வந்து நிமிர்த்தினான், ஒன்றும் சொல்லவில்லை. வண்டி மறுபடி ஓடிற்று.