சென்னிமலைத் தறிக்குழி

சென்னிமலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முருகனைப் பார்க்க வருகிறார்கள். 1320 படி. அபிஷேகத் தண்ணீரைக் காளைகள் சுமந்துகொண்டு அந்தப் படிகளில் ஏறும். நான் போனது அடிவாரத்துத் தெருக்களுக்கு, போர்வை நெய்கிறவர்களைப் பார்க்க.

அந்த வீட்டின் முன்கட்டு முழுவதையும் தறியே அடைத்திருந்தது. பெரியவர் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். வலக்கை கயிற்றை இழுக்க, நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்தது. இடக்கை பலகையை இழுத்து ஊடையை அடித்தது. கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்தின. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப, போர்வையில் பூ விழுந்தது. போர்வைத் தறி அகலமானது. நாள் முழுக்க அடித்தால் தோள்பட்டை என்ன பாடுபடும் என்று பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

“பன்னெண்டு வயசுல குழியில எறங்குனது கண்ணு. எங்கய்யன் உக்காந்த எடம் இது” என்றார்.

அவர் மனைவி ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தார். “தாரு இல்லீன்னா தறி நின்னு போயிருமுங்க” என்றார் அந்த அம்மா. கூலி போர்வைக்கு இவ்வளவு என்று ஒருவர் பெயரில்தான் எழுதப்படுகிறது. அதற்குள் இரண்டு பேர் உழைப்பு இருக்கிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு தீர்ந்தால் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும்; அதுவரை நெசவு கிடையாது. இந்த வேலைகளையும் சேர்த்துப் பார்க்காத எந்தக் கூலிக் கணக்கும் நியாயமானதல்ல.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு அந்தக் கடனிலேயே காலம் கழித்த நெசவாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒரு பிடிமானம். சங்கமே நூல் கொடுத்து, துணியை வாங்கிக்கொண்டு, கூலி தருகிறது. இந்த ஊரில் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்தவர்களில் முதன்மையானவர் பத்மஸ்ரீ எம்.பி. நாச்சிமுத்து. ஊரிலுள்ள பொறியியல் கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஒரு சிற்றூர்க்காரர் ஊரைவிட்டுப் போகாமல் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பெரியவரும் அவர் அளவில் அதையே செய்கிறார். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு ஓய்வூதிய மனு எழுதித் தருகிறார். நெசவாளர்களுக்கான சேமிப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு கட்டினால் அரசும் 8 காசு போடும். அந்தக் கணக்கைப் பாஸ் புத்தகத்தில் சரிபார்க்கத் தெருவே அவரிடம் வருகிறது. 2023இல் கைத்தறிக்கு இலவச மின்சாரம் 200 யூனிட்டிலிருந்து 300 ஆனதையும் அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னாராம்.

மகன்கள்? ஒருவர் பெருந்துறை சிப்காட்டில், இன்னொருவர் திருப்பூர் பனியன் கம்பெனியில். திருப்பூர் என்றதும் கொடி காத்த குமரன் நினைவுக்கு வந்தார். 1904இல் இதே சென்னிமலையில் நெசவாளர் வீட்டில் பிறந்து, பிழைப்புக்காகத் திருப்பூர் போனவர். 1932 ஜனவரியில் விடுதலைப் போராட்டத்தில் கொடியைப் பிடித்தபடி தடியடி பட்டு உயிர்விட்டார். பிழைப்புத் தேடி அந்த ஊருக்குப் போவது இன்றும் நிற்கவில்லை. பெரியவருக்கு மகன்கள்மேல் வருத்தமில்லை. “அவனுக கொழந்தைகளப் படிக்க வெக்கோணுமல்ல” என்கிறார்.

வருத்தம் வேறொன்றில். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது; அந்தப் பட்டியலில் படுக்கை விரிப்பும் இருக்கிறது. ஆனாலும் நடப்பது வேறு என்கிறார். “வெசத்தறியில ஓட்டுனதக் கொண்டாந்து சென்னிமலைப் போர்வைன்னு விக்கறாங்க கண்ணு. வாங்கறவங்களுக்கு எப்புடித் தெரியும்?”

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 2006 முதல் கைத்தறி முத்திரை நடைமுறையில் உள்ளது. அடுத்த முறை சென்னிமலைப் போர்வை வாங்கும்போது அந்த முத்திரையைக் கேளுங்கள். கடைக்காரர் காட்டவில்லையென்றால் சங்கக் கடைக்கோ கோ-ஆப்டெக்ஸுக்கோ போய் வாங்குங்கள்.