வாகனம் எனும் அமானிதம்

'ஸய்யாரா' என்பது பழமையான அரபுச் சொல். திருக்குர்ஆனின் யூஸுஃப் அத்தியாயத்தில், கிணற்றில் இடப்பட்ட இளம் யூஸுஃப் (அலை) அவர்களைக் கண்டெடுத்த வழிப்போக்கர் கூட்டத்தை அச்சொல் குறிக்கிறது. இன்று அரபு நாடுகளில் அதே சொல் மோட்டார் காருக்குப் பெயராய் வழங்குகிறது. 'ஹஜீன்' என்பதோ, அரபுத் தந்தைக் குதிரைக்கும் வேற்றினத் தாய்க்கும் பிறந்த குதிரைக்கு முன்னோர் இட்ட பெயர். பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரை இக்கால அரபியர் 'ஸய்யாரா ஹஜீனா' என்கின்றனர். ஈரினக் குதிரையை வளர்ப்பவர் ஈரினத்தின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கும் அவ்விதியே பொருந்தும்.

1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தது. 2010க்குப் பின்னர் பிரியஸ், அக்குவா, வெசல், ஃபிட் முதலிய ஹைபிரிட் கார்கள் நம் இலங்கைத் தீவின் தெருக்களில் பெருகின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பெற்றோலுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும், புதிய காரின் விலை நடுத்தரக் குடும்பத்திற்கு எட்டாக் கனியாகவே நின்றது. ஆதலின் வீட்டில் நிற்கும் பழைய காரைப் பேணுதல் நம் குடும்பங்களுக்குப் பொழுதுபோக்கன்று, பொருட்காப்பாகும்.

2020இல் ஊரடங்கு நீங்கிய பின், என்னுடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர் தம் காரை இயக்க முற்பட்டார். கார் அசையவில்லை. பார்க்க வந்த ஒருவர், "பெரிய பெட்டரி முடிந்துவிட்டது" என்று தீர்ப்புக் கூறினார். அவர் சொன்ன தொகையோ, மகளின் திருமணத்திற்கென நண்பர் சேர்த்ததில் பாதியை விழுங்கிவிடக் கூடியது. அச்சமயம் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், பின்னர் மின்தொழில் கற்றவர், வந்து பார்த்தார். சிறிய பெட்டரிக்கு வெளியிலிருந்து மின்னூட்டினார். கார் உடனே 'ரெடி' என்று காட்டியது. "ஹஸ்ரத், பெரியது நல்லாத்தான் இருக்கு, சின்னதுதான் இறங்கிப் போயிருக்கு" என்றார். திருமணப் பணம் தப்பியது.

இவ்விரண்டின் வேறுபாட்டை அறிதலே முதற்பாடம். காரை ஓட்டும் மின்விசை பெரிய பெட்டரியிலிருந்து வருகிறது. 12 வோல்ட் கொண்ட சிறிய பெட்டரியோ காரின் கணினிகளை விழிக்கச் செய்து, பெரியதன் இணைப்பைத் திறந்துவிடுகிறது. சிறியது சோர்ந்தால், பெரியது நலமாயிருந்தும் பயனில்லை. கார் பலநாள் ஓடாது நின்றால் அது மெல்ல மெல்ல வற்றும். குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிள், மீட்டி ஓதாவிடின் இழப்பது போன்றதே இது. வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் ஓட்டுதல் நன்று. இயலாவிடின் திறந்த வெளியில் 'ரெடி' நிலையில் வைத்தல் வேண்டும். விளக்கும் வானொலியும் மட்டும் இயங்கும் நிலையில் வைத்தால் மின்னேறாது, உள்ளதும் தீரும். மாற்றும் காலம் வந்தால், அக்காருக்கென விதிக்கப்பட்ட வகையையே வாங்க வேண்டும். பல ஹைபிரிட் கார்களில் சிறிய பெட்டரி பயணிகள் இருக்கும் அறைக்குள்ளோ பின்பெட்டியிலோ அமைந்திருப்பதால், அதன் வாயு வெளியேற உரிய வழி இருத்தல் அவசியம்.

இரண்டாவது, பெரிய பெட்டரியின் மூச்சு. பல ஹைபிரிட் கார்களில் பின் இருக்கையை அடுத்து ஒரு காற்றுத் துவாரம் உண்டு. காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை விசிறியொன்று அதன் வழியே இழுத்துப் பெட்டரியைக் குளிர்விக்கிறது. நம் கிழக்குக் கரையோர ஊர்களின் மணலும், பிள்ளைகள் உண்ணும் பண்டங்களின் துகளும், துணிப் பஞ்சும் அங்கே படிகின்றன. வழி அடைபட்டால் வெப்பம் மிகும். வெப்பம் பெட்டரியின் ஆயுளைத் தின்னும். காரை நிறுத்தி அணைத்தபின், தூசு உறிஞ்சும் கருவியாலும் மென்மையான தூரிகையாலும் துவாரத்தின் வாயையும், வடிகட்டி இருப்பின் அதனையும் துப்புரவு செய்யலாம். நீர் விடலாகாது. பயணப் பையையோ தொழுகை விரிப்பையோ துவாரத்தின் மேல் வைத்து மூடலாகாது. உள்ளிருக்கும் விசிறியைக் கழற்றுவது பயிற்சி பெற்றவர் வேலை.

எஞ்சியவை எளியன. டயர்கள் குளிர்ந்திருக்கும் வேளையில் காற்றழுத்தம் பார்க்க வேண்டும். உரிய அளவு பெரும்பாலும் சாரதியின் கதவோரத்தில் எழுதப்பட்டிருக்கும். எஞ்சின் விட்டுவிட்டு இயங்கினும் ஒயில் பழசாகவே செய்யும். குறித்த தூரமோ காலமோ, முந்தி வருவதைக் கொண்டு மாற்ற வேண்டும். பிரியஸிலும் அக்குவாவிலும் கூலன்ட் கலங்கள் இரண்டு: ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வெர்ட்டருக்கு. இரண்டும் குறைந்த கோட்டிற்கும் நிறைந்த கோட்டிற்கும் இடையே நிற்கின்றனவா எனக் குளிர்ந்த நிலையில் நோக்கினால் போதும். கிணற்று நீரை ஊற்றலாகாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவும் கூடாது. பிரேக் கட்டைகள் இக்கார்களில் மெதுவாகவே தேயும். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மின்மோட்டாரே செய்து, அவ்வாற்றலைப் பெட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. எனினும் கடற்காற்று வீசும் ஊரில் பயன்பாடு குறைந்த பிரேக் தட்டுகள் துருப்பிடிக்கும். கட்டை தேயவில்லையே என்று சோதனையைக் கைவிடலாகாது.

ஃபிக்ஹு கற்போர் 'ஹத்' என்னும் சொல்லை நன்கறிவர். எல்லை என்பது அதன் பொருள். இங்கும் எல்லை உண்டு; அதன் நிறம் செம்மஞ்சள். செம்மஞ்சள் உறையிட்ட கம்பிகள் உயர் மின்னழுத்தம் ஓடுபவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்; மூன்றாம் தலைமுறை பிரியஸின் உள்ளே அழுத்தம் 650 வோல்ட் வரை உயரும். அக்கம்பிகளையும் அவை சென்று சேரும் பெட்டிகளையும் நாம் தொடலாகாது. ஹைபிரிட் காரின் மௌனத்தையும் நம்பலாகாது. 'ரெடி' நிலையில் ஓசையின்றி நிற்கும் காரின் எஞ்சின், நினையாத கணத்தில் தானே இயங்கத் தொடங்கும். ஆகவே பொனட்டைத் திறக்குமுன் அணைத்து, சாவியைத் தூரத்தே வைக்க வேண்டும். மூடிய கராஜினுள் 'ரெடி' நிலையில் விட்டுச் சென்றாலோ, நிறமும் மணமும் அற்ற கார்பன் மொனொக்சைட் நச்சுவாயு வீட்டினுள்ளும் புகுந்து உயிரைப் பறிக்கும்.

இவ்வளவும் கற்க ஒரு பிற்பகல் போதும். செய்தவற்றைத் தேதியுடன் ஒரு கொப்பியில் குறித்து வைத்தல் நலம். அக்கொப்பி, பழுதுபார்ப்பவர் கூறுவதை எடைபோட உதவும். காரை விற்கும் நாளில் வாங்குபவருக்கு உண்மையை மறைக்காது காட்டும் சாட்சியாகவும் நிற்கும். ஆண்மக்களுக்கு மட்டுமன்றி, பெண்மக்களுக்கும் இதனைக் கற்பிப்போம். வீட்டில் வாப்பா இல்லாத வேளையில் உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய கை, மகளின் கையாகவும் இருக்கக்கூடும்.