ஆள் இருக்கும் அறை

கோட்டை பார்க்கப் போகிறவனுக்கு முல்லைத்தீவில் கிடைப்பது கதைதான். ஒல்லாந்தர் கட்டி, பின்னர் ஆங்கிலேயர் வசமான அக்கோட்டையைப் பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்டில் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் தோற்றான். அவன் தோற்ற இடத்தில் கல் நாட்டப்பட்டது; வென்ற இடத்திலோ மதில் என்று காட்ட ஒன்றுமில்லை.

நான் தங்கியது முள்ளியவளையில், ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே நடத்தும் விடுதியில். அறைகள் மூன்று, வாடகைக்கு விடுவது இரண்டு. வைகாசிப் பொங்கல் காலம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்காகக் கடலில் எடுத்த உப்புநீரில், காட்டா விநாயகர் கோயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. (எண்ணெய் எங்கே என்று கேட்கும் அறிவாளிகளுடன் அவ்வூரார் வாதாடுவதில்லை.)

இரவில் வந்த அடியார் ஐவர் மூன்றாவது அறையைக் கேட்டனர். வீட்டுக்காரர் தயங்கினார். கடன் தவணை நெருங்கிவிட்டதை அன்று மாலைதான் என்னிடம் சொல்லியிருந்தார். உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது:

"அதில ஆள் இருக்கு."

2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் படையினரிடம் கையளித்த மகனின் அறை அது. காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் முல்லைத்தீவில் 2017 மார்ச்சில் தொடங்கிய போராட்டத்துக்குத் தவறாது போனவர் அந்த அம்மா. மரணச் சான்றிதழ் வேண்டாமென்று மறுத்தவர்.

ஐவருக்கும் விறாந்தையில் பாய் விரித்தார். விடியற்காலையில் புட்டும் சம்பலும் கொடுத்தார்; காசு வாங்கவில்லை. கணவர் ஒன்றும் பேசவில்லை.