குப்பென்று ஏறும் சூடு

மார்கழிக் குளிரில் வீடே போர்த்திக்கொண்டு தூங்கும்போது, 48 வயதுப் பெண் ஒருத்தி எழுந்து ஃபேனை ஐந்தில் வைக்கிறாள். மார்பில் தொடங்கிக் கழுத்து, முகம் என்று குப்பென்று சூடு ஏறுகிறது, ரவிக்கை நனைகிறது. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கி, உடம்பு சில்லிட்டு நடுங்குகிறது. "இந்தக் குளிர்லயா ஃபேன்?" என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

பதில் மூளையின் அடிப்பகுதியில், ஹைபோதலாமஸில் இருக்கிறது. உடம்பின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்வது அதுதான். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வற்றும்போது அங்குள்ள சில நரம்பணுக்கள் பருத்துப் போகின்றன. அமெரிக்க ஆய்வாளர் நேயோமி ரான்ஸ் 1990இல் இதை எழுதினார். அவை பருத்தபின், வெப்பம் இம்மியளவு கூடினாலும் உடம்பு கொதிப்பதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டச் செய்கிறது. இதில் மனப்பிரமை எதுவும் இல்லை.

மனிதப் பெண்ணைப் போல, பிள்ளைப்பேறு நின்ற பிறகும் பல பத்தாண்டுகள் வாழும் உயிரினங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று ஓர்கா என்னும் கொலைத் திமிங்கலம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலோரம் வாழும் ஓர்காக்களை 1970கள் முதல் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துத் தொடர்கிறார்கள். பெண் ஓர்கா 40 வயதையொட்டிக் குட்டி ஈனுவதை நிறுத்துகிறது. அதன்பின் 80 வயதைத் தாண்டியும் வாழ முடிகிறது. சால்மன் மீன் அருகிய ஆண்டுகளில் கூட்டத்துக்கு முன்னால் நீந்தி வழிகாட்டுவது இந்தக் கிழவிகள்தான் என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. பிடித்த மீனைக் கடித்துப் பாதியை வளர்ந்த மகனுக்குக் கொடுக்கும் தாய்களும் உண்டு. தாய் இறந்தால், 30 வயதைக் கடந்த மகன்கூட அடுத்த ஓராண்டுக்குள் சாகும் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. பாட்டி போனால் பேரக்குட்டிகளின் சாவு கூடுகிறது.

தான்சானியாவின் ஹட்சா மக்களிடம் மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ் கண்டதும் இத்தகையதே. கட்டாந்தரையைத் தோண்டிக் கிழங்கெடுப்பதில் வயதான பெண்கள் நெடுநேரம் உழைத்தார்கள். மகள் கைக்குழந்தையோடு இருக்கையில், அவளுடைய மூத்த பிள்ளைகள் பாட்டியின் கிழங்கில் வளர்ந்தார்கள்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. பிள்ளையின் பொதுத்தேர்வு, மாமியாரின் மருந்து, வேலை எல்லாம் ஒன்றாகக் கூடும் வயது அது. தூக்கம் கெட்டவளின் எரிச்சலைக் குணக்கேடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; காலைச் சமையலை இன்னொருவர் ஏற்கலாம். எலும்பு வலுவிழக்கும் காலம் என்பதால் கேழ்வரகும் பாலும் அவள் பங்குக்கு முதலில் போகட்டும். மாலை நடைக்குத் துணையாகப் போகலாம். சூடு தாங்க முடியாவிட்டால் ஹார்மோன் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். மார்பகப் புற்று வந்தவர்களுக்குப் பொதுவாக அது ஆகாது, வேறு மருந்துகள் உண்டு.

மாதவிடாய் நின்று 12 மாதம் கடந்தபின் துளி ரத்தம் பட்டாலும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது கருப்பைப் புற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம்; உடனே அவளைப் பெண்கள் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.