முதல் வில்லுக்கு எத்தனை பவுண்டு?

போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுகிறேன். மாலையில் மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் வில் பழகுகிறேன். இதுவரை மாஸ்டருடைய பழைய வில்லில்தான் அம்பு விட்டு வந்தேன். சொந்தமாக ஒரு ரீகர்வ் (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வில்) வாங்கலாமா என்று கேட்டதும் அவர் டெய்லர் டேப்பை எடுத்து வந்தார்.

கைகளைப் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்தார். 170 சென்டிமீட்டர். அதை 2.5-ஆல் வகுத்தால் 68. அங்குலத்தில் ஏறத்தாழ 27. நான் நாணை இழுக்கும் நீளம் இது. வில்லின் உயரம், அம்பின் நீளம் இரண்டும் இதை ஒட்டித்தான் அமையும். குட்டை வில்லை முழுக்க இழுத்தால் நாண் கூராக மடங்கி விரலை நெரிக்கும். அதனால் பழகுபவருக்கு 62 முதல் 66 அங்குலம் வரை உள்ள வில் சௌகரியம் என்றார்.

அடுத்தது கண். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு முக்கோணம் அமைத்து, அதன் வழியே தூரத்து மரத்தைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால், மரம் விலகாமல் தெரிவது எந்தக் கண்ணுக்கோ அதுவே ஆளும் கண். எனக்கு வலது. வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால், இடக்கையால் இழுக்கும் வில்லையும் யோசிக்க வேண்டும்.

பிறகுதான் பவுண்டுப் பேச்சு, அதாவது நாணை இழுக்க எவ்வளவு பாரம் என்ற பேச்சு வந்தது. சிவதனுசை முறித்த கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கனமான வில்தான் வீரம் என்று மனசு சொல்லும். 40 பவுண்டு என்று வாயெடுத்தேன். மாஸ்டர் சிரித்தார். “இழுக்க முடிஞ்சா போதாது தம்பி. இழுத்துட்டு நிக்க முடியணும்யா.”

காம்பவுண்டு வில்லில் சக்கரங்கள் இருப்பதால், முழுக்க இழுத்தபின் பாரம் பெருமளவு இறங்கிவிடும். ரீகர்வில் அந்தச் சலுகை இல்லை. இழுக்க இழுக்கப் பாரம் ஏறும், குறி பார்க்கும் நேரம் முழுக்க அத்தனையும் விரலிலும் முதுகிலும் நிற்கும். பாரம் மிஞ்சினால் தோள் தூக்கும், மூச்சு முட்டும், முகத்தில் கை நிலைக்குமுன் அம்பு பறந்துவிடும். இப்படிப் படிந்த பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. முழுக்க இழுத்து, பத்து விநாடி நடுங்காமல் நிற்க முடிகிற பாரமே நமக்கானது. வில்லின் வளையும் கையான லிம்பில் அச்சிட்டிருக்கும் எண் 28 அங்குல இழுவைக்குரியது. ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் இரண்டு பவுண்டு குறையும். 24 பவுண்டு லிம்ப் என் கையில் 22 ஆகிவிடும்.

லிம்பைக் கழற்றி மாட்டும் டேக்டவுன் வகையே முதல் வில்லாக இருக்கட்டும். உடம்பில் வலு ஏறியதும், நடுப்பிடியான ரைசரை வைத்துக்கொண்டு லிம்பை மட்டும் மாற்றலாம். பிரித்துப் பையில் போட்டால் பஸ்ஸிலும் போகலாம். லிம்பின் நுனி பலப்படுத்தப்படாத மரவில்லுக்கு டாக்ரான் நாண்தான் ஏற்றது. நாண் ஏற்ற அதற்கான கயிறு வேண்டும். காலில் கொடுத்து வில்லை வளைத்து ஏற்றினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். அம்பு கோக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போகவேண்டிய விசை வில்லுக்குள்ளேயே திரும்பி லிம்பைப் பிளந்துவிடும்.

கையிலிருக்கும் பணம் எல்லாம் வில்லுக்கே போய்விடக் கூடாது, அம்புக்கும் ஒதுக்க வேண்டும் என்பது மாஸ்டர் கட்டளை. எங்கள் கடையில் ஏலக்காயைச் சல்லடை போட்டுத் தரம் பிரிப்பதுபோல அம்பையும் விறைப்பு பார்த்துப் பிரிக்க வேண்டும். 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்கவைத்து, நடுவே 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்பதே ஸ்பைன் கணக்கு. ஓர் அங்குலம் வளைந்தால் 1000. எண் கூடினால் அம்பு நெகிழ்வு. பாரம் குறைந்த வில்லுக்கு நெகிழ்வான அம்பு வேண்டும். ஒரு கட்டில் எல்லா அம்பும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். வில்லின் தட்டிலேயே அம்பை வைத்து விடுபவருக்கு இறகு கட்டிய அம்பே சரி, பிளாஸ்டிக் வால் தட்டி விலகும். ஆனால் போடிமெட்டுப் பக்கத்து மூடுபனியில் இறகு நனைந்து படிந்துவிடும். காயவைத்துத்தான் எடுக்க வேண்டும். அடிவாரத்து வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வில்லை விட்டுவைக்கக் கூடாது, ஒட்டுப்பசை இளகும்.

விலை உயர்ந்த வில் இல்லையே என்று கலங்க வேண்டாம். ராஜஸ்தானின் பழங்குடிக் கிராமத்தில் மூங்கில் வில்லோடு தொடங்கிய லிம்பா ராம், 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக வில்லேந்தினார். 1992-இல் பெய்ஜிங்கில் 30 மீட்டரில் 360-க்கு 358 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார்.

இன்னொன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஆயுதம் என்பதற்குள் வில்லையும் அம்பையும் சேர்த்திருக்கிறது. அதனால் குரங்கணிக் காட்டுப் பாதையில் நடக்கப் போனால் வில் வீட்டில் இருக்கட்டும். பயிற்சிக்கு, இலக்கின் பின்பக்கம் மண்மேடுள்ள, ஆள் நடமாட்டமில்லாத இடமே வேண்டும்.

நான் 24 பவுண்டு லிம்பையே எடுத்தேன். புதிதாக வாங்குபவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்: 20 முதல் 24 பவுண்டுக்குள் கூச்சப்படாமல் வாங்குங்கள், மீதிப் பணத்தில் நல்ல அம்பு வாங்குங்கள்.