கோட்டை இல்லாத கம்பெனி

மாமல்லபுரம் பார்த்த கையோடு தெற்கே இறங்கி, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். பல்லவர் குடைந்த பாறையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, உப்புக்காற்றில் உதிரும் செங்கல் மதில் பெரிதாகப் படாது. வாசலில் பீரங்கி, உள்ளே கிடங்குகளின் மிச்சம், ஒரு சிறு இடுகாடு, அதில் டச்சு எழுத்தும் குலச்சின்னமும் நுணுக்கமாக வெட்டிய கல்லறைப் பலகைகள். இவ்வளவுதான், சுற்றிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. ஆனால் இதைக் கட்டிய ராஜா யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். கட்டியது ஒரு வணிகக் கம்பெனி. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர்போன ஊர் இது. அந்தச் சரக்கை வாங்கிச் சேர்த்துக் கப்பலேற்றும் வரை வைத்திருந்த இடத்துக்குத்தான் இத்தனை மதிலும் பீரங்கியும். 1781இல் ஆங்கிலேயர் இதைப் பிடித்தார்கள். பிறகு கைமாறி, மறுபடி கைமாறி, 1818இல் டச்சுக்காரரிடம் திரும்பி வந்து, 1824 உடன்படிக்கையின்படி அடுத்த ஆண்டே முடிவாக ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தது. 1658 முதல் டச்சுக்காரர் வசமிருந்த தூத்துக்குடியும் அதே உடன்படிக்கையில்தான் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

தமிழ்க் கடற்கரை நெடுகிலும் இப்படிக் கம்பெனிகள் விட்டுப்போன சுவர்கள் நிற்கின்றன. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகள், சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை, தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை. ஆனால் இதே கடலில் தமிழர்கள் தம் பணத்தில் நடத்திய ஒரு கப்பல் கம்பெனிக்கு, 1906இல் தூத்துக்குடியில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு, அதன் பெருமைக்கு ஈடாகக் காட்ட ஒரு சுவர்கூட நம்மிடம் இல்லை. அதை உண்டாக்கிய வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளையை நினைத்தவுடன் மனதில் வருவது கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு. பேணத் தெரியாத நம் அலட்சியத்தை இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். அலட்சியம் உண்டுதான். ஆனாலும் அந்தக் கம்பெனிக்கு இடிபாடு இல்லாமல் போனதற்குக் காரணம் அந்தக் கம்பெனியின் தன்மையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். அதைக் கவனிக்காமல் செக்கை மட்டும் கும்பிடுவதால், வ.உ.சி.யின் பாதி வாழ்க்கை நம் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது.

சதுரங்கப்பட்டினத்தின் கம்பெனி எப்படிப்பட்டது? 1602இல் ஹாலந்தில் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அது. பங்குதாரர்கள் பணம் போட்டார்கள், லாபப் பங்கு வாங்கினார்கள். அந்த அளவில் அதுவும் கூட்டுப்பங்கு நிறுவனந்தான். ஆனால் அதற்குக் கிடைத்த அரசுச் சாசனம் போர் தொடுக்கவும், கீழை நாட்டு அரசர்களோடு உடன்படிக்கை செய்யவும், கோட்டை கட்டவும், படை வைக்கவும் உரிமை தந்தது. விலை படியாத இடத்தில் பீரங்கி பேசும். லண்டனின் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் இதே வார்ப்புதான். அந்த டச்சுக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கமும் வி.ஓ.சி. என்பது வேடிக்கையான ஒற்றுமை. நாணயத்திலும் பீரங்கியிலும் அந்த மூன்று எழுத்துகளைக் கோத்த முத்திரை இருக்கும். ஒற்றுமை அந்த மூன்று எழுத்தோடு முடிந்தது. நம் ஊர் வ.உ.சி.க்குச் சாசனம் கொடுக்க ராஜா இல்லை, பீரங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இல்லை. அவர் கையில் இருந்தது 1882ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டம் ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தை ஆயுதமாக எடுக்க ஒரு வக்கீலால்தான் முடிந்தது. ஓட்டப்பிடாரத்தில் வக்கீல் உலகநாத பிள்ளையின் மகனாக 1872 செப்டம்பர் 5இல் பிறந்த சிதம்பரம் பிள்ளை, 1890களின் நடுவில் பிளீடராகத் தொழிலைத் தொடங்கினார். போலீசாருக்கு எதிராக ஏழைகள் பக்கம் நின்று வாதாடியதால் உள்ளூர் அதிகாரிகளோடு உரசல். 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். கொழும்போடு நாள்தோறும் சரக்கும் கூலியாட்களும் போய்வந்த துறைமுகம் அது. போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் பிடியில் இருந்தது. உள்ளூரில் அதன் ஏஜெண்டு ஏ அண்ட் எஃப் ஹார்வி. முதலில் சுதேசி பண்டகசாலை, தர்மசங்க நெசவுச்சாலை என்று சிறிய முயற்சிகள். அடுத்து 1906 அக்டோபரில் கப்பல் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு வாங்கும் உரிமை ஆசியர்களுக்கு மட்டும். பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவர், ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 லட்சத்துக்கு வாங்கிச் செயலாளரானார், வ.உ.சி. துணைச் செயலாளர். இந்த எண்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நாலைந்து செல்வந்தர்களின் தயவில் நடத்த நினைத்தவர் பங்கை 25 ரூபாயாக வைக்கமாட்டார். கடைக்காரரும் குமாஸ்தாவும் வாங்கட்டும் என்று வைத்த விலை அது. பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகையும் இந்தக் கம்பெனிக்காகக் குரல் கொடுத்தது. கம்பெனியின் நோக்கங்களில் கப்பல் விடுவதோடு, நம்மவர்களுக்கு மாலுமித் தொழில் கற்பிப்பதும் கப்பல் கட்டும் துறைகள் அமைப்பதும் இருந்தன. கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் போகிறவர் எழுதும் பத்திரம் இது இல்லை. இருபது முப்பது ஆண்டு முன்னோக்கிப் பார்க்கிறவர் எழுதியது.

சொந்தக் கப்பல் வருவதற்கு முன், பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். எதிராளியின் நெருக்குதலில் அந்த வாடகை நின்றது. வ.உ.சி. கொழும்புக்குப் போய் வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து இடைவெளியை அடைத்தார். பிறகு வடக்கே போய்ப் பணம் திரட்டினார். 1907இன் நடுப்பகுதிக்குள் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்கள் சொந்தமாக வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏறும். பதிவான ஒரு வருடத்துக்குள் இது நடந்தது என்பதை எந்த வியாபாரியும் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டார். அடுத்து கட்டணப் போர். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்க, சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது. அவர்கள் இலவசம் என்றார்கள், ஏறுகிறவனுக்குக் குடை ஒன்றும் சேர்த்துத் தந்தார்கள். இது தூத்துக்குடிக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. 1880களில் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் கிழக்கு வங்கத்து ஆறுகளில் ‘சரோஜினி’ முதலான நீராவிப் படகுகளை விட்டபோது, ஃப்ளோட்டில்லா கம்பெனி இதே முறையில்தான் அவரை மூழ்கடித்தது. ஆழமான பை உள்ளவன் நஷ்டத்தையே ஆயுதமாக வீசுவான். தபால் ஒப்பந்தம் என்ற பெயரில் அரசுப் பணம் நிச்சயமாக வந்துகொண்டிருந்த கம்பெனியால் அப்படி வீச முடிந்தது. அந்த வகையில் பார்த்தால் சதுரங்கப்பட்டினத்துப் பீரங்கி அப்போதும் கரையில்தான் இருந்தது; கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வ.உ.சி. அடிப்படையில் அரசியல்வாதி, வியாபாரம் அவருக்குக் கருவி, நல்ல வியாபாரியாக இருந்திருந்தால் 1908இல் மேடையேறிக் கம்பெனியைப் பணயம் வைத்திருக்கமாட்டார் என்பார்கள். கம்பெனி இயக்குநர்களே ஏறக்குறைய இதைத்தான் நினைத்தார்கள். அரசியலை விட்டு விலகி நில்லுங்கள் என்று அவரை நெருக்கினார்கள். போட்ட பணத்துக்குப் பொறுப்பானவர்கள் அப்படிக் கேட்டதில் தவறு காண எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். கப்பலில் அவருக்கு எதிரே நின்ற ஹார்வி நிறுவனந்தான் தூத்துக்குடி கோரல் மில்லுக்கும் முதலாளி. 1908 பிப்ரவரி கடைசியில் அந்த மில்லின் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சி.யும் அவருடைய அரசியல் தோழர் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஊர் மொத்தமும் சேர்ந்துகொண்டது. கடைக்காரர்கள் உதவினார்கள், வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய ஒரு வக்கீலுக்கு நாவிதர் சவரத்தைப் பாதியில் நிறுத்தினார் என்பது வரை செய்தி உண்டு. பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கிவந்தது. பயணியும் பங்குதாரரும் தொழிலாளியும் ஒரே ஊரில், ஒரே எதிராளிக்கு முன்னால் இருந்தார்கள். எட்டணாக் கட்டணத்தையும் கொடுத்து, இலவசக் கப்பலில் ஏறாமல் இருக்க ஒரு கூலிக்காரனுக்குக் காரணம் வேண்டுமே. அந்தக் காரணத்தை உண்டாக்கியது அரசியல். அவர் கம்பெனியின் உண்மையான மூலதனம் ஊர்க்காரரின் பிடிவாதம். அரசியலைக் கழித்துவிட்டால் கம்பெனியில் மிஞ்சுவது இரண்டு கப்பலும் கடனும்.

வங்கத் தலைவர் பிபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடியதைத் தொடர்ந்து 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி கலவரத்தில் எரிந்தது. ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உயர்நீதிமன்றம் பிற்பாடு குறைத்தது. கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது, கப்பல்கள் விற்றுப்போயின. எப்படியும் அழிந்திருக்க வேண்டிய முயற்சிதானே என்று கேட்கிறவர்களுக்கு, பம்பாயில் 1919இல் தொடங்கிய சிந்தியா கப்பல் கம்பெனியைக் காட்டலாம். அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் அதே கட்டண வெட்டை அது தாங்கி நின்றது. வால்சந்த் ஹீராசந்த் முதலானோரின் பெரும் மூலதனம் பின்னால் இருந்தது. அப்படியிருந்தும் 1923இல், எத்தனை டன் கப்பல் வைத்துக்கொள்ளலாம், எந்தக் கடலில் ஓடலாம் என்ற கட்டுப்பாடுகளுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுத்தான் பிழைத்தது. இந்தியக் கப்பல் தொழில் நடக்கவே முடியாதது என்ற வாதம் இதனால் விழுகிறது. சமரசமே செய்யாமல், சிறு பங்குதாரரின் பணத்தில், முன்னோடியாக வேறு, சுதேசிக் கம்பெனி நடந்திருக்க முடியுமா என்றால், என்னால் உறுதியாக ஆம் என்று சொல்ல முடியவில்லை. சிதம்பரம் பிள்ளை வெளியே இருந்திருந்தால் இன்னும் சில ஆண்டு தாக்குப்பிடித்திருக்கும் என்று மட்டும் அவருடைய முந்தைய ஓட்டத்தை வைத்துச் சொல்லலாம்.

கோட்டை கட்டிய கம்பெனி நொடித்துப் போனாலும் மதில் நிற்கும். டச்சுக் கம்பெனி 1799இன் இறுதியில் கலைந்தது. அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுக்கு மேல் அதன் செங்கல் கல்பாக்கத்தில் வெயில் காய்கிறது. பங்குப் பத்திரமும் இரும்புக் கப்பலும் மட்டுமே சொத்தாக இருந்த கம்பெனி கலைந்தால், கப்பல் விலைக்குப் போகும், பத்திரம் செல்லாக் காகிதமாகும். அதனால்தான் நினைவு வேறு பொருள்களைப் பிடித்துக்கொண்டது. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற கலெக்டர் ஆஷுக்குத் தூத்துக்குடியில் நினைவு மண்டபம் எழும்பியது. ஆஷ் சப்கலெக்டராக இருந்து ஒடுக்கிய கம்பெனிக்கு எழும்பவில்லை. சுதந்திரத்துக்குப் பின் செக்கு நினைவுச்சின்னமாயிற்று. 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படம் வந்தது. 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. செக்கை நான் குறைத்துப் பேசவில்லை. படித்த வக்கீலை மாட்டுக்குப் பதில் பூட்டிய அரசின் யோக்கியதைக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் செக்கு சொல்வது அரசு அவருக்குச் செய்ததை. அவர் செய்ததை அது சொல்லாது. 1912 டிசம்பரில் விடுதலையானவருக்கு வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் சிறு வியாபாரம் செய்து பார்த்து நொடித்து, பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னதைத் திரும்பப் பெற்று, அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்து, கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடி 1936 நவம்பர் 18இல் இறந்தார். அந்த இருபத்து நான்கு ஆண்டில் இன்னொரு கம்பெனி தொடங்க யாரும் அவரிடம் பணம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கம்பெனியின் கதை இன்று விரிவாகத் தெரிவது எதிராளியின் காகிதங்களில் இருந்துதான்: காவல்துறை ரகசியக் குறிப்புகள், வழக்கு ஆவணங்கள், கலெக்டர்களின் கடிதங்கள். அவற்றையெல்லாம் தேடிப்பிடித்து ஆ.இரா.வேங்கடாசலபதி 2023இல் ஆங்கிலத்தில் தனி நூலே எழுதியிருக்கிறார். நஷ்டத்தில் ஓடிய இரண்டு கப்பலுக்காக ஒரு பேரரசு இவ்வளவு எழுதிக் குவித்ததே அதன் எடைக்கு அத்தாட்சி. இடிபாடு இல்லாத இடத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் சிலையோடு நிறுத்திவிடாமல், 25 ரூபாய்ப் பங்கு, 40,000 பங்குகள், ஆசியர்களுக்கு மட்டும் என்ற விதி, மாலுமிப் பயிற்சி நோக்கம், எட்டணாக் கட்டணம், எதிரே நின்ற கம்பெனியின் பெயர் ஆகியவற்றை ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். கோவைச் செக்கின் பக்கத்திலும் அதே பலகை வேண்டும். செக்கைப் பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளை, இவரை ஏன் பூட்டினார்கள் என்று கேட்டால் அழைத்துப்போன வாத்தியாருக்குச் சொல்ல வேண்டிய பதில் அதில்தான் இருக்கிறது.