பதினாறாயிரம் குரல்களில் ஒன்று

லாரன்ஸ் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் இங்கே பலருக்கும் எதுவும் தோன்றாது. அமெரிக்காவின் நட்டநடுவில், கேன்சஸ் மாநிலத்தில், ஒரு சின்னக் குன்றும் அதன் மேல் ஒரு பல்கலைக்கழகமும் உள்ள ஊர். ஆனால் கூடைப்பந்து ஆடுகிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக் கூடையை மாட்டி இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித், 1898-இல் வந்து சேர்ந்த ஊர் அது. 1939-இல் இறந்ததும் அங்கேதான், கல்லறையும் அங்கேதான். கேன்சஸ் அணியின் முதல் பயிற்சியாளர் அவர். வென்றது 55, தோற்றது 60. அந்த அணியின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வியை அதிகம் கண்ட ஒரே பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே. ஊரில் யாரும் இதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வெல்வதற்காக அவர் இதைக் கண்டுபிடிக்கவில்லை என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

நான் அங்கே முதுகலை படித்தது 2010-லிருந்து 2012 வரை. பாடங்களில் பாதி மறந்துவிட்டது. ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் மறக்கவில்லை. நைஸ்மித்திடம் ஆடக் கற்று, பிறகு 39 பருவங்கள் அதே அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஃபாக் ஆலனின் பெயரில் 1955-இல் திறந்த கூடம். நான் படித்த காலத்தில் 16,300 பேர் உட்காரலாம். உட்காரலாம் என்று சொல்கிறேனே தவிர, மாணவர் பகுதியில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முதல் ஆட்டத்துக்கு என்னை இழுத்துப் போனவர் எங்கள் துறையில் எனக்கு மூத்தவரான மதுரைக்கார அண்ணன். "தம்பி, லேப் நாளைக்கும் இங்கதான் இருக்கும். கிளம்பு" என்றார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன எனக்குக் கல்லூரி விளையாட்டு என்றால் மைதான ஓரத்து வேப்பமர நிழலும், ஆடுகிறவர்களின் நண்பர்கள் பத்துப் பேரும்தான். ஒரு பல்கலைக்கழக அணிக்காக ஒரு மாநிலமே நீலமும் சிவப்பும் உடுத்திக்கொண்டு வருமென்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆட்டத்தைவிட அதற்கான காத்திருப்பைத்தான் இப்போது அதிகம் நினைக்கிறேன். மாணவர் டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. முன்வரிசை வேண்டுமானால் நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து பெயர் கொடுக்க வேண்டும். விடிகாலையில் குலுக்கல் போட்டு, எந்தக் குழு எத்தனையாவதாக உள்ளே போகும் என்று முடிவு செய்வார்கள். அதன் பிறகு ஆட்ட நாள் வரை குழுவில் ஒருவராவது ஃபீல்ட்ஹவுஸ் தாழ்வாரத்தில் இருந்தே ஆக வேண்டும். திடீரென்று பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் குழுவின் பெயரை அடித்துவிடுவார்கள். எல்லாம் மாணவர்களே நடத்துகிற ஏற்பாடு. அதில் சலுகை கிடையாது, சிபாரிசு கிடையாது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

எங்கள் குழுவில் மேற்குக் கேன்சஸ் விவசாயிகளின் பிள்ளைகள் இருவர், வேதியியல் படித்த ஒரு சீனப் பெண், மதுரை அண்ணன், நான், இன்னும் சிலர். தாழ்வாரச் சுவரோரம் மடக்கு நாற்காலி, போர்வை, பீட்சா அட்டைப்பெட்டி. வெளியே பனி கொட்டும். வகுப்பு நேரத்தைப் பார்த்து முறை வைத்து உட்காருவோம். வீட்டுப்பாடத்தில் பாதியை மடியில் வைத்து அங்கேதான் எழுதினேன்.

அந்த விவசாயி பையன்களில் ஒருவன் எங்கள் ஊர் வயலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பான். வயலில் தண்ணீர் நிற்குமா, எவ்வளவு ஆழம், நாற்றைக் கையாலா நடுவீர்கள் என்று. குறுவை, சம்பா, தாளடி என்று நான் சொல்லச் சொல்ல, கணக்கு நோட்டின் ஓரத்தில் அவனுக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் எழுதிக்கொண்டான். அவர்களுடைய கோதுமை இலையுதிர்காலத்தில் விதைத்து, குளிர் முழுக்கப் பனிக்கு அடியில் கிடந்து, ஜூனில் அறுவடைக்கு வரும் என்று அவன் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் பயிர் தண்ணீரில் நிற்கிறது, அவர்கள் பயிர் பனியில் கிடக்கிறது. கூடைப்பந்து பார்க்க வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் அதைப் பேசி முடிக்க ஒரு சாயங்காலம் பிடித்தது.

கதவு திறந்ததும் ஓட்டம். மரப்பலகை இருக்கைகள். உயரத்தில் வரிசையாக ஜன்னல்கள். பகல் ஆட்டமென்றால் வெயில் சாய்ந்து உள்ளே விழும். வடக்குப் பக்கம் மேலே ஒரு நீளமான பதாகை, உள்ளே வருகிற எதிரணிக்கு எச்சரிக்கை. ஆலனின் பட்டப்பெயரையும் மூடுபனியையும் ஒரே சொல்லில் வைத்து எழுதியது. 1988-இல் மாணவர்கள் விடுதிக் குளியலறைத் திரைகளை வெட்டி அதன் முதல் பதாகையைச் செய்தார்களாம்.

எதிரணியின் ஆட்டக்காரர்களை அறிமுகம் செய்யும்போது மாணவர்கள் அத்தனை பேரும் பல்கலைக்கழகச் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். நீ யாரென்று பார்க்கக்கூட எங்களுக்கு நேரமில்லை என்று அர்த்தம். நம்மவர்கள் பெயர் வந்ததும் அதே தாள் சுக்குநூறாகக் கிழிந்து மேலே பறக்கும். அதற்கு முன்னால் பல்கலைக்கழகப் பாடல். பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் தோளில் கை போட்டுக்கொண்டு மெல்ல ஆடியபடி பாட வேண்டும். அதன் வால்போல 'ராக் சாக், ஜேஹாக்' முழக்கம். 1886-இல் பெய்லி என்ற வேதியியல் பேராசிரியர் தொடங்கிவைத்தது. அந்தக் குன்றின் சுண்ணாம்புப் பாறைதான் பின்னால் 'ராக் சாக்' என்று அந்த முழக்கத்தில் ஏறியது. கூச்சல் போடுகிற கூட்டம் அந்த நேரத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தி, இழுத்து, ஒரே சுருதியில் சொல்லும். முதல் தடவை எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்தடுத்த தடவைகளிலும் அப்படியே.

வெற்றிக்குப் பிறகு கோதுமை அசைப்பு. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, இடமும் வலமுமாக மெதுவாக அசைக்க வேண்டும். கீழ்வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தால், தை மாதக் காற்றில் சாய்ந்து நிமிர்கிற முற்றிய சம்பா வயல் மாதிரி இருக்கும். அந்த ஊர்க்காரனாக இல்லாத நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் கையைத் தூக்கியது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

2012 பிப்ரவரி 25 பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எதிரணி பக்கத்து மாநிலமான மிசௌரி. இந்தப் பகை விளையாட்டில் தொடங்கியதல்ல. 1863-இல், உள்நாட்டுப் போரின்போது, குவான்ட்ரில் என்பவனின் படை மிசௌரிப் பக்கத்திலிருந்து வந்து லாரன்ஸை எரித்து, சுமார் 150 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. ஊர்க்காரர்கள் அதை மறக்கவில்லை. 1907-லிருந்து கூடைப்பந்தில் மோதிக்கொண்டிருந்த இரண்டு அணிகள்; மிசௌரி வேறு கூட்டமைப்புக்குப் போவதால் இனி ஆட்டம் இருக்காது என்று ஆகியிருந்தது. இரண்டாம் பாதியில் நாங்கள் 19 புள்ளி பின்னால். அப்போதும் ஒருவரும் வெளியே போகவில்லை. புள்ளி குறையக் குறைய என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற சீனப் பெண்ணின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கடைசி நொடிகளில் மிசௌரியின் பந்தைத் தாமஸ் ராபின்சன் தடுத்தார், 75-75, கூடுதல் நேரம். டைஷான் டெய்லர் கடைசியில் இரண்டு தனி எறிகளையும் உள்ளே போட, 87-86. விவசாயி பையன் அழுதுகொண்டிருந்தான். அவனுடைய தாத்தாவின் தாத்தா லாரன்ஸில் இருந்தவர் என்று அன்று இரவுதான் சொன்னான்.

பெரிய ஆட்டங்கள் மட்டுமல்ல. மகளிர் அணியின் ஆட்டத்துக்கு வாரநாள் மாலையில் போனால் கூடத்தில் பெரும்பகுதி காலியாக இருக்கும். மரத்தரையில் ஷூ கிறீச்சிடுவது கேட்கும். பயிற்சியாளர் கத்துவது சொல் சொல்லாகக் கேட்கும். ஆட்டத்தின் நுட்பம் கொஞ்சமாவது எனக்குப் பிடிபட்டது அங்கேதான். அந்தப் பெண்களுக்கும் கூடம் நிரம்பியிருக்க வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம் முடிந்ததும், படிப்பை முடித்துப் போகிற ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்துப் பேசுவார்கள். கூட்டம் கலையாது. நட்சத்திர ஆட்டக்காரனும் பேசுவான். நான்கு ஆண்டுகளில் சில நிமிடங்களே களத்தில் இறங்கிய பையனும் பேசுவான். அம்மாவுக்கும் விடுதி நண்பர்களுக்கும் நன்றி சொல்வான். கைதட்டலில் குறை இருக்காது. அந்த வசந்தத்தில் நானும் படிப்பை முடித்துப் போகிறவன்தான். அந்தப் பையன் பேசியபோது எனக்கும் சேர்த்துப் பேசுவதாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். அங்கே இரவு எட்டு மணி ஆட்டம் இங்கே குளிர்காலத்தில் மறுநாள் காலை ஏழரை. மகளுக்குத் தலை பின்னி, டிபன் பாக்ஸ் கட்டும் நேரம். கைபேசியைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டுப் பார்ப்பேன். 2022 தேசிய இறுதி ஆட்டத்தில், பாதி ஆட்டம் முடிந்தபோது 15 புள்ளி பின்னால் இருந்து, வட கரோலினாவை 72-69 என்று வென்றார்கள். அன்று காலை பழைய குழுவில் எல்லோரும் எழுதினார்கள். விவசாயி பையன் டிராக்டரிலிருந்து, சீனப் பெண் ஷாங்காயிலிருந்து. திரை தெளிவாக இருக்கிறது. ஆட்டம் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. ஆனால் தோளில் கை போட ஆள் இல்லை. அந்த முழக்கம் தனியாகச் சொல்கிற முழக்கமும் அல்ல.

மதுரை அண்ணன் இன்னும் அந்தப் பக்கத்தில், கேன்சஸ் நகரில்தான் இருக்கிறார். போன வாரம் பேசினார். "ஒரு பிப்ரவரியில பிள்ளையைக் கூட்டிட்டு வாடா. பழைய மாணவர்னு மேல் வரிசையில டிக்கெட் எடுத்துருவோம்" என்றார்.

"மாணவர் பகுதிக்குள்ள விட மாட்டாங்கள்ல, அண்ணே?"

"விட மாட்டாங்க. மேல இருந்து பார்த்தா நேர் எதிர்ல தெரியும்."

பாஸ்போர்ட்டுக்கு மகளின் புகைப்படம் எடுத்தாயிற்று.